ஐந்நூறு பட்டாம்பூச்சி பறக்கவிட முட்டை எங்கே கிடைக்கும்?

கேள்வி, மே 26

ஊர் கோவை. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று குழந்தைகள் கையால் ஐந்நூறு பட்டாம்பூச்சிகளைப் பறக்கவிடலாம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் முடிவு செய்திருக்கிறோம். பட்டாம்பூச்சிகள் குறைந்துகொண்டே வருகின்றன, நாமே வளர்த்து விட்டால் பெருகும் என்று எண்ணம். முட்டையோ கூட்டுப்புழுவோ மொத்தமாக எங்கே கிடைக்கும்? விலை என்ன வரும்? சரியாக அமைந்தால் வருடாவருடம் செய்ய உத்தேசம்.

மே 26, இரவு

வாங்காதீர்கள். எங்கோ ஒரு கூண்டில் நெருக்கியடித்து வளர்ந்ததைக் கொண்டுவந்து உங்கள் தெருவில் விட்டால், அதோடு சேர்ந்து என்ன நோய் வந்து இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது திரும்ப முட்டையிட உங்கள் தெருவில் செடி இருக்கிறதா? இல்லையென்றால் ஐந்நூறும் கைதட்டல் ஓய்வதற்குள் காம்பவுண்டைத் தாண்டிவிடும். அப்புறம் எதைப் பெருக்கினோம் என்று கணக்குச் சொல்வது?

சட்டமும் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் பட்டாம்பூச்சிகளும் உண்டு. நம் ஊர்த் தோட்டங்களில் சாதாரணமாகப் பறக்கும் சிவப்புடல் அழகி, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே முதல் அட்டவணையில் பல காலம் இருந்தது. 2022 திருத்தத்தில் அட்டவணைகளை மாற்றி அமைத்தார்கள். எதையும் பெரிய அளவில் பிடித்து வைப்பதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குழந்தைகள் ஆசையைக் கெடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வளர்க்கலாம். வேறு மாதிரி வளர்க்கலாம். நாளை விரிவாக எழுதுகிறேன்.

மே 27

முதலில் ஒரு கணக்கு. ஒரு பெண் பட்டாம்பூச்சி நூறு முட்டை இடுகிறது என்று வையுங்கள். அதில் இரண்டே இரண்டு மட்டும் வளர்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டால் போதும், தெருவில் அந்த இனம் குறையாமல் நிற்கும். மீதி தொண்ணூற்றெட்டும் எறும்புக்கும் சிலந்திக்கும் ஓணானுக்கும் தையல்சிட்டுக் குஞ்சுக்கும் போக வேண்டியவைதான். அதனால் 'புழுக்கள் சாகின்றன, காப்பாற்ற வேண்டும்' என்பதிலிருந்து தொடங்கினால் வழி தவறிவிடும். முட்டையிட இலை கிடைக்காமல் தாய் அலைவதுதான் நகரத்தில் உண்மையான பஞ்சம்.

பட்டாம்பூச்சிக்கு எந்த இலையும் ஆகாது. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நாரத்தை, வில்வம் போன்ற ஒரே குடும்பத்துச் செடிகள். கறிவேப்பிலை அழகிக்கும் அதே குடும்பம். கறிவேப்பிலையில் அதிகம் பார்க்கலாம். வெந்தய வரியனுக்கு எருக்கு. வெண்புள்ளிக் கருப்பன் அரளியில் இடும். கொன்றை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை. சிவப்புடல் அழகிக்கும் ரோஜா அழகிக்கும் ஈஸ்வரமூலிக் கொடியும் ஆடுதின்னாப்பாளையும். எருக்கில் பிறந்த புழுவை எலுமிச்சையில் விட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர வாய் வைக்காது.

ஆகவே வளர்க்க வேண்டியது முதலில் செடி. ஜூன் 5 அன்று குழந்தைகள் கையில் ஆளுக்கு ஒரு ஈஸ்வரமூலி நாற்றைக் கொடுங்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதம், மண்ணில் ஈரம் பிடிக்கும். வேர் ஊன்றிக் கொடி ஓடத் தொடங்கினால் பட்டாம்பூச்சி தானாகத் தேடி வரும். வாசனையை மோந்து, காலால் இலையைத் தட்டிப் பார்த்து, சரியான செடிதான் என்று தெரிந்த பிறகே முட்டையிடும். சுற்றிலும் காரை போட்ட வீட்டில் ஒற்றைக் கறிவேப்பிலைத் தொட்டியைக் கூட அது கண்டுபிடித்து வந்துவிடுகிறது. மொட்டைமாடி வைத்திருக்கும் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

மே 27, மாலை

எருக்கு என்றதும் உங்கள் சங்கத்து அம்மா ஒருவர் "அது வீட்டுக்கு ஆகாதுங்க" என்றாராம். அந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பிள்ளையார் கோயில் ஓரம் வெள்ளெருக்கு வையுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். வெந்தய வரியன் அதிலும் இடும். சதுர்த்திக்கு மாலை கட்டப் பூவைப் பறிக்கட்டும், இலையை விட்டுவைத்தால் போதும். பால் கண்ணில் படக் கூடாது என்று மட்டும் குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள்; பட்டால் கண்ணைப் பாதிக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும்.

தேனுக்கு இட்லிப்பூ, வெட்டுக்காயப் பூண்டு, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு. உன்னிச்செடியில் பட்டாம்பூச்சி மொய்க்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அது காட்டையே மூடிவிடும் அந்நியச் செடி, புதிதாக நட வேண்டாம்.

மே 31

வேறொருவர் கேட்டிருந்தார்: நர்சரியிலிருந்து நாலு எலுமிச்சைக் கன்று வாங்கி வைத்தேன், தெருவோரச் செடியில் இருந்த புழுக்களை எடுத்து அதில் விட்டேன், இரண்டு நாளில் பச்சையாகக் கக்கிச் செத்துவிட்டன, என்ன நோய்?

நோய் இல்லை, மருந்து. நர்சரிக் கன்று பளபளப்பாக, ஓர் இலை கடிபடாமல் நிற்கிறது என்றால் அதற்கு ஏதோ அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில பூச்சிக்கொல்லிகள் வேர் வழியாக ஏறி இலைக்குள்ளேயே தங்கும், தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது. கறிவேப்பிலையும் அப்படித்தான், கடைக்குப் போகிற கறிவேப்பிலைக்கு அடிக்கிற மருந்து கொஞ்சநஞ்சமல்ல.

வாங்கிய கன்றை வெட்டிவிட்டு, புதுத் துளிர் இரண்டு மூன்று தடவை வந்த பிறகு பாருங்கள். பட்டாம்பூச்சி தானே வந்து இட்ட முட்டை பொரித்து, புழு முதல் தோலை உரித்துவிட்டால் செடி தேறிவிட்டது. அதைவிட நல்லது, விதை போட்டோ, பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையின் வேர்க்கன்றைப் பிடுங்கி வந்தோ வைப்பது. காசும் மிச்சம்.

அப்படியே கொசு மருந்துப் புகையையும் சங்கத்தில் பேசுங்கள். வாரம் ஒரு தரம் காம்பவுண்ட் முழுக்கப் புகை போட்டுக்கொண்டு பட்டாம்பூச்சித் தோட்டமும் வைப்பது நடக்காது. தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் கொசு குறையும்.

ஜூன் 2

"அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு மோனார்க் வளர்த்து விடுகிறார்களே, அவர்கள் எல்லாம் முட்டாளா?" என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. முட்டாள்கள் இல்லை, ஆசையும் அக்கறையும் உள்ளவர்கள். ஆனால் அங்கேயே இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடக்கிறது. மோனார்க் நம் வெந்தய வரியனுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. எருக்கு வகைச் செடியில் வளர்வது, குளிர்காலத்துக்கு மெக்சிகோ மலைக்காடுகள்வரை பறந்து போவது.

2015-இல் மோனார்க் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, பெருமளவில் வளர்த்து விடுவது வேண்டாம் என்று அறிக்கையே விட்டார்கள். முதல் காரணம் நோய். மோனார்க்கைத் தாக்கும் ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இருக்கிறது. நோய்கண்ட தாயின் உடம்பிலிருந்து அதன் வித்துகள் முட்டை மேலும் இலை மேலும் உதிரும், புழு அதைத் தின்னும், வெளிவரும் பட்டாம்பூச்சியின் வயிறெல்லாம் மறுபடி வித்து. ஒரே பெட்டியில் நூறு புழுவை அடைத்தால் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று யோசியுங்கள்.

இரண்டாவது, பறக்கும் திசை. 2019-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வியாபாரிகளிடம் வாங்கிய மோனார்க்குகளைப் பறக்கும் திசையைக் காட்டும் கருவியில் கட்டிப் பார்த்தபோது அவை தெற்கு நோக்கித் திரும்பவில்லை. காட்டு மோனார்க்கின் குஞ்சுகளையே வீட்டுக்குள் வளர்த்தாலும் திசையறிவு கெட்டது என்றார்கள். மூன்றாவது, பலம். 2020-இல் வந்த ஓர் ஆய்வில் குச்சியைப் பற்றிக்கொள்ளும் பிடியை அளந்தார்கள். வளர்ப்புப் பட்டாம்பூச்சியின் பிடி தளர்ந்திருந்தது, நிறம் வெளிறியிருந்தது, இறக்கையும் அவ்வளவு நீண்ட வடிவில் இல்லை.

ஜூன் 3

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். 2021-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் வளர்ப்பு மோனார்க்குகளின் மேல் சின்னஞ்சிறு ரேடியோ கருவியை ஒட்டி வெளியே விட்டுப் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலானவை தெற்கும் தென்கிழக்குமாகத்தான் போயின. கருவியில் கட்டிப் பார்த்தபோது தடுமாறியது, வெயிலில் விட்டதும் சுதாரித்துக்கொண்டது என்று தோன்றுகிறது. ஆக, திசை கெடும் என்கிற வாதத்தை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். நோய் பற்றியதும் பலம் பற்றியதும் அப்படியே நிற்கின்றன. வீட்டில் நாலைந்து வளர்க்கும் குழந்தைக்கும், ஆயிரக்கணக்கில் வளர்த்துக் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பும் வியாபாரிக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது.

ஜூன் 12

சரி, நாலைந்து வளர்ப்பது எப்படி? என் பால்கனியில் நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

சொந்தச் செடியில், தாய் தானே வந்து இட்ட முட்டை மட்டும். எலுமிச்சை அழகியின் முட்டை வெளிர்மஞ்சள் உருண்டை, கடுகைவிடச் சிறியது, துளிரில் ஒற்றை ஒற்றையாக இருக்கும். இலையோடு கிள்ளி எடுத்து, வாயில் கொசுவலை கட்டிய டப்பாவில் வைப்பேன். அடியில் ஒரு டிஷ்யூ. காம்பு ஈரத்துணியில் சுற்றியிருக்கும், திறந்த தண்ணீர் வைத்தால் புழு போய் விழுந்துவிடும். மூன்று நான்கு நாளில் பொரித்து, முதல் வேலையாகத் தன் முட்டை ஓட்டைத் தின்னும்.

சின்னப் புழு பார்க்கக் குருவி எச்சம் போலவே இருக்கும், பழுப்பில் வெள்ளைத் தீற்று. கடைசித் தோல் உரித்ததும் பளிச்சென்று பச்சையாகிவிடும். தொட்டுவிட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கோல் மாதிரி ஒரு சிவந்த கொம்பு வெளியே வரும், அழுகிய நாரத்தை வாடை அடிக்கும். குழந்தைகள் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள், ஒருமுறைக்கு மேல் விடாதீர்கள். புழுவுக்கு அது வீண் செலவு.

ஒரு டப்பாவில் ஒரே புழு. தினமும் எச்சத்தைத் தட்டி, டிஷ்யூவை மாற்றி, புது இலை வைக்க வேண்டும். உரிக்கப் போகிற புழு ஒரு நாள் அசையாமல் நிற்கும்; செத்துவிட்டது என்று பிடித்து இழுத்தால் கால் பிய்ந்துவிடும். எப்போதாவது ஒன்று கருத்து, உடம்பே நீராகித் தொங்கும். அது வைரஸ். அந்த டப்பாவை வெந்நீரில் கழுவி வெயிலில் காயப் போடுங்கள், அந்த இலைகளைச் செடிப் பக்கம் எறியாதீர்கள். கையையும் சோப்பால் கழுவிய பிறகே அடுத்த டப்பா.

தின்று முடித்த புழு இடம் தேடி ஓடும். குச்சி ஒன்று சாய்த்து வைத்திருந்தால் அதில் ஏறி, இடுப்பில் பட்டு நூல் ஒன்றைச் சுற்றிக்கொண்டு சாய்ந்து நிற்கும். பச்சைத் தண்டில் நின்றால் கூடு பச்சை, காய்ந்த குச்சியில் பழுப்பு. இது எனக்கு எத்தனை பார்த்தும் சலிக்கவில்லை. வெளியே வரும் நாளில் கூட்டின் தோல் வழியே இறக்கையின் கோலம் தெரியும். வருவது பெரும்பாலும் காலையில்தான். ஈர இறக்கை கசங்கிய துணியாகத் தொங்கும், உடம்பிலிருந்து நீரை இறக்கைக்கு ஏற்றி விரிக்கும். அதற்குப் பிடித்துத் தொங்க இடம் வேண்டும். வழுக்கிக் கீழே விழுந்துவிட்டால் இறக்கை கோணலாகவே காய்ந்துவிடும், அப்புறம் யாராலும் நேராக்க முடியாது. ஒரு சொட்டு செம்பழுப்பு நீர் விழும், ரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம். இறக்கை விறைத்ததும் முட்டை எடுத்த அதே செடியின் பக்கத்தில், வெயில் ஏறின பிறகு, வலையைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கையில் எடுத்து வீச வேண்டாம்.

எலுமிச்சை அழகி அழியும் நிலையில் உள்ள இனம் இல்லை. இப்படி வளர்ப்பதால் அதன் எண்ணிக்கையில் ஒன்றும் ஆகிவிடாது. குழந்தை ஒரு புழுவை முழுசாகப் பார்க்கும், அடுத்த தடவை அம்மா கறிவேப்பிலையில் மருந்தடிக்கப் போனால் கையைப் பிடிக்கும். அதற்காகத்தான் செய்கிறேன்.

ஜூன் 20

"கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் குட்டிக் குட்டிக் குளவியாக வந்தது, என் பெண் அழுதுவிட்டாள்." இதை எதிர்பார்த்தேன்.

குச்சியில் புழு தோலை உரித்துக் கூடாக மாறும் அந்தச் சில மணி நேரம் மேல்தோல் இளசாக இருக்கும். அந்த நேரத்துக்காகவே ஒரு சின்னக் குளவி பக்கத்தில் காத்து நிற்கும். உள்ளே முட்டைகளைச் செலுத்திவிடும். பிறகு கூட்டில் ஊசி குத்தின மாதிரி ஓர் ஓட்டை, அதன் வழியே டஜன் கணக்கில் குளவிகள். முட்டையிலேயே புகுந்துகொள்ளும் இன்னும் சிறிய குளவிகள் உண்டு. கரும்பு வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது புதிது இல்லை. இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை கட்டுகிறோமே, அந்த முட்டை ஒட்டுண்ணியின் உறவுக்காரர்கள்தான் இவர்களும்.

உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள்: அந்தக் குளவியும் இந்தத் தெருவின் உயிர்தான். அது இல்லாமல் புழுக்கள் எல்லாமே பிழைத்துவிட்டால் கறிவேப்பிலையில் ஓர் இலை மிஞ்சாது, அடுத்த தலைமுறைப் புழு எதைத் தின்னும்? ஒட்டுண்ணிக் குளவி வருகிறது என்றால் உங்கள் தோட்டத்தில் உணவு வலை பின்னப்பட்டுவிட்டது என்று பொருள். நான் இதில் மிகவும் சந்தோஷப்படுவேன். கொல்லாதீர்கள்.

ஜூலை 6

செடி வைத்தால் போதும் என்று மே மாதம் எழுதியதைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கிறது. நகரத்துச் சாதாரண இனங்களுக்கு அது சரி. எல்லாவற்றுக்கும் சரியல்ல. இங்கிலாந்தின் பெரிய நீலன் கதை இதற்கு நல்ல உதாரணம்.

அந்தப் பட்டாம்பூச்சி காட்டு ஓமத்தை ஒத்த தைம் செடியில் முட்டையிடும். புழு சில வாரம் அதன் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழுந்துவிடும். ஒருவகைச் சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நினைத்துப் புற்றுக்குத் தூக்கிப் போகும். புழு அங்கே பத்து மாதம் எறும்புக் குஞ்சுகளைத் தின்றே வளரும். இனம் குறைகிறது என்று தெரிந்ததும், சேகரிப்பவர்கள் பிடித்துப் போகிறார்கள் என்று எண்ணி வேலி போட்டார்கள். வேலி போட்ட இடத்தில் இன்னும் சீக்கிரம் அழிந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர். அந்த எறும்புக்கு வெயில் படும் குட்டைப் புல் வேண்டும். வேலி ஆடுமாடுகளை வெளியே நிறுத்தியது, அதற்கு மேல் 1950களில் முயல்களும் நோயில் செத்தன. புல் உயர்ந்து மண் குளிர்ந்ததும் அந்த எறும்பு போய் வேறு எறும்பு வந்தது. 1979-இல் பெரிய நீலன் பிரிட்டனில் அடியோடு இல்லாமல் போனது.

1983-இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து மறுபடி விட்டார்கள். அதற்கு முன்னால் மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, புல்லைக் குட்டையாக்கி, எறும்பு வந்துவிட்டதா என்று பார்த்தார்கள். இன்று தென்மேற்கு இங்கிலாந்தில் பல இடங்களில் பறக்கிறது. விட்டது எத்தனை என்பதைவிட விடுவதற்கு முன் அந்தப் புல்வெளியில் பட்ட பாட்டைத்தான் நாம் படிக்க வேண்டும்.

ஜூலை 7

அப்படியானால் நாமும் எறும்பு வளர்க்க வேண்டுமா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, அந்த எறும்பை வளர்க்க நம் ஊரில் ஒன்றும் செய்ய வேண்டாம். அங்குள்ள கதை அது.

ஜூலை 21

"அப்படியானால் பொதுமக்கள் வளர்த்து விட்டு எங்குமே பலன் வந்ததில்லையா?" வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்று ஒன்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பொன்னழகிக்குச் சொந்தம், அதே ஈஸ்வரமூலிக் குடும்பத்துக் கொடியில்தான் வளரும். ஒரு காலத்தில் பிரிஸ்பேன் தெருக்களிலேயே பறந்தது. காடு போனது, கொடி போனது. இதோடு இன்னொரு ஆபத்தும் வந்தது. தோட்டத்துக்கு அழகு என்று தென் அமெரிக்காவிலிருந்து ஒரு கொடியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாசனை ஒன்றுதான் என்று தாய் அதில் முட்டையிட்டது. அந்த இலை புழுவுக்கு விஷம். தின்றதெல்லாம் செத்தது.

1990களில் டான் சாண்ட்ஸ் என்ற பூச்சியியலாளரும் மற்றவர்களும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு உள்ளூர்க் கொடியைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக நடவைத்தார்கள். அந்நியக் கொடியைப் பிடுங்கச் சொன்னார்கள். ஜனங்கள் தங்கள் தோட்டத்தில் ஊர் ஊராகத் தொடர்ச்சியாக வைத்துக்கொண்டே வந்தார்கள், ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குப் பட்டாம்பூச்சி தாவிப் போகும்படி. தனித்துப்போன சில இடங்களில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து முட்டைகள் பொரிக்காமல் போயின. அங்கேதான் வளர்த்து விடும் வேலை வந்தது, வேறு வம்சத்தின் ரத்தத்தைக் கலக்க. ஆராய்ந்து, அனுமதியோடு, நிபுணர்கள் செய்தது. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டச் செய்ததில்லை.

இதைப் படித்ததிலிருந்து நர்சரியில் வாத்து மாதிரி பெரிய பூப் பூக்கும் அந்நிய ஈஸ்வரமூலி வகைக் கொடியைக் கண்டால் வாங்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். நம் ஈஸ்வரமூலி இருக்கையில் அது எதற்கு?

ஆகஸ்ட் 10

மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய ரிசர்வ் சைட்டில் எருக்கு, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு, ஆடுதின்னாப்பாளை எல்லாம் தானாக முளைத்துக் கிடந்தது. யாரும் நட்டதில்லை. காலையில் பார்த்தால் ஜேசிபி நிற்கிறது. "புதர் மண்டிக் கிடக்குதுன்னு புகார் வந்துதுங்க, பார்க் போடப் போறோம்" என்றார் ஓட்டுநர். மத்தியானத்துக்குள் செம்மண் தரை. வெந்தய வரியன் புழுக்கள், வெள்ளையும் கருப்பும் மஞ்சளும் வரி வரியாக, முதுகில் மூன்று ஜோடிக் கருங்கொம்போடு, மண்ணில் ஊர்ந்துகொண்டிருந்தன. தெருப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் டப்பாக்களில் அள்ளி வந்து கோயில் எருக்கில் விட்டார்கள். இதை மட்டும் காப்பாற்றல் என்று சொல்வேன்.

தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும் போனது எனக்கு இன்னும் பெரிய வருத்தம். வரியன்களில் ஆண்கள் அவற்றின் காய்ந்த தண்டிலிருந்து ஆல்கலாய்டு என்ற ஒரு வேதிப்பொருளை உறிஞ்சிக்கொள்ளும். அதிலிருந்துதான் பெண்ணைக் கவரும் வாசனை உண்டாகும். வாடிய செடியில் பத்து இருபது ஒன்றாகத் தொங்குவதைப் பார்த்திருக்கலாம், தேனுக்கு என்று நினைத்திருப்போம். களை என்று பிடுங்கும்போது அதுவும் போகிறது.

ஆகஸ்ட் 13

சங்கத்து ஆட்கள் இருவரோடு போய், பார்க் போடுகிறவர்களிடம் பேசினோம். சைட்டின் கிழக்கு மூலையை அப்படியே விட்டுவிட ஒப்புக்கொண்டார்கள். மூலையில் ஒரு பலகை வைத்தால்தான் அடுத்த தடவை வரும் வண்டிக்குத் தெரியும். 'புதர் அல்ல' என்று எழுதலாம் என்றார் ஒருவர். நான் செடிகளின் பெயரையும் அவற்றில் வளரும் பட்டாம்பூச்சிகளின் பெயரையும் எழுதச் சொன்னேன். பெயர் தெரிந்த செடியை ஆள் அவ்வளவு சுலபத்தில் வெட்டுவதில்லை.

செப்டம்பர் 14

"2019-இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்களே, அதை எங்கள் பள்ளியில் வளர்த்து விடலாமா?" வேண்டாம். மலைக்காட்டுக்காரன் அவன். நீரடிமுத்து மர வகைகளில் வளர்பவன். பொட்டல் வெளியில் பள்ளிக்கூடக் கூண்டுக்குள் அவனுக்கு என்ன வேலை? பிள்ளைகளை ஒரு நாள் மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் திருச்சிக்கு. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015-இல் திறந்த பட்டாம்பூச்சிப் பூங்கா இருக்கிறது, சுமார் 25 ஏக்கர். புழுவுக்கான செடியும் தேனுக்கான செடியும் வைத்துப் பெரிய அளவில் செய்தால் எப்படி இருக்கும் என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

அக்டோபர் 25

இன்று காலை பத்து மணிவாக்கில் நீல வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும் மேற்கே மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கின்றன. கோவைக்காரர்கள் மாடியில் ஏறிப் பாருங்கள். வடகிழக்கு மழைக்கு முன்னால் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகும் கூட்டம். கோடையில் தென்மேற்குப் பருவத்துக்கு முன்பு இதேபோல் எதிர்த்திசையில் வரும். வழியில் தேன் வேண்டும், ஒதுங்க மரம் வேண்டும். உங்கள் சங்கம் வைத்த கிலுகிலுப்பை பூத்திருந்தால் இன்று அதற்கு விருந்தாளிகள் வந்திருப்பார்கள்.

நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இந்த ஒரு வாரம் கொஞ்சம் மெதுவாகப் போனால் நல்லது.

நவம்பர் 16

மே மாதம் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நட்ட ஈஸ்வரமூலியில் கொஞ்சம் காய்ந்துவிட்டதாம், மீதி காம்பவுண்டுக் கம்பியில் ஏறி, போன வாரம் சிவப்புடல் அழகியின் புழுக்கள் வந்துவிட்டனவாம். இலை எல்லாம் மொட்டையாகிவிட்டதே, மருந்தடிக்கலாமா என்று தோட்டக்காரர் கேட்கிறாராம். அடிக்க வேண்டாம், கொடி மறுபடி துளிர்க்கும். வேரை மட்டும் காக்கச் சொல்லுங்கள்.

பெருகுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருக்கிறார். எண்ண வேண்டும். இங்கிலாந்தில் 1976 முதல் இதே முறையில் எண்ணிவருகிறார்கள்: ஒரே பாதை, வாரம் ஒருமுறை, வெயில் இருக்கும் நேரம், ஒரே வேகத்தில் நடை. இரு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டருக்குள் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். உங்கள் கேட்டிலிருந்து பிள்ளையார் கோயில்வரை போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் இதைச் செய்யலாம், ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. பெயர் தெரியாததை 'மஞ்சள், சின்னது' என்று எழுதினாலும் பரவாயில்லை. ஒன்றுமே காணாத வாரத்தைச் சும்மா விட்டுவிடாமல் தேதி போட்டுப் பூஜ்யம் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து நோட்டை எடுத்துப் பார்க்கும்போது அந்தப் பூஜ்யங்களும் தேவைப்படும்.